மடலாடற்குழு வழங்கியை நடத்துவது: சில அனுபவக் குறிப்புகள்

மடலாடற்குழு மென்பொருளை ஒரு வழங்கியில் நிறுவுவது அரை நாள் வேலை. அது அனுப்பும் மடல்கள் உறுப்பினர்களின் உள்பெட்டிக்குப் போய்ச் சேருகின்றனவா என்று பார்த்துக்கொள்வதோ, அந்த வழங்கி இயங்கும் காலமெல்லாம் தொடரும் வேலை. ஒரு தன்னார்வ அமைப்பின் கலந்துரையாடல் குழுக்களையும் அறிவிப்புக் குழுக்களையும் பல ஆண்டுகளாக மெயில்மேன் என்ற கட்டற்ற மென்பொருளின் துணையோடு நடத்தி வருகிறேன். ஒரு மடலை வாங்கி ஆயிரம் பேருக்குப் படியெடுத்து அனுப்பும் பொறி என்றுதான் பலரும் இதைக் கருதுகிறார்கள். மடலைப் பெறும் வழங்கிகள் அப்படிக் கருதுவதில்லை. அவற்றைப் பொறுத்தவரை எழுதியவர் யாராக இருந்தாலும் அனுப்புவது உங்கள் வழங்கிதான். அந்த மடலில் ஏதேனும் கோளாறு இருந்தால் கெட்டுப்போவது உங்கள் வழங்கியின் பெயர்தான். கீழே சொல்லும் அமைப்புகள் பெரும்பாலும் இந்த ஒரு நிலையிலிருந்து பிறந்தவையே.

எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நான் அதிக நேரம் செலவிடுவதில்லை. உறுப்பினர் பட்டியலை எல்டாப் என்ற பயனர் கோப்பகத்திலிருந்தோ வேறொரு தரவுத்தளத்திலிருந்தோ நேரடியாக எடுக்க வேண்டுமென்றால் சிம்பா பொருத்தமானது. இணைய இடைமுகமே தேவையில்லாத சிறு குழுவுக்கு எம்.எல்.எம்.எம்.ஜே. போதும். பொதுவான தேவைக்கு மெயில்மேன் 3. இது 2015-இல் வெளிவந்தது. மடல்களைக் கையாளும் கோர், நிர்வாகத்துக்கான போஸ்டோரியஸ், காப்பகத்துக்கான ஹைப்பர்கிட்டி என்று மூன்று பகுதிகளாகப் பிரிந்திருப்பதால், எல்லாம் ஒரே பொட்டலமாக இருந்த பழைய 2.1 பதிப்பைவிட நிறுவுவது சற்றுக் கடினம். ஆனால் 2.1 பதிப்பு இயங்கத் தேவையான பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர் அதன் பக்கம் போகக் காரணமே இல்லை.

மென்பொருளைத் தொடுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. குழுக்களுக்கென்று தனியாக ஒரு துணைக் களப்பெயரை (டொமைன்) ஒதுக்குவது முதல் வேலை. அமைப்பின் அலுவலக மடல்கள் ஒரு களப்பெயரிலும் குழு மடல்கள் அதன் துணைக் களப்பெயரிலும் போனால், குழுவில் நேரும் ஒரு விபத்து அலுவலக மடல்களை அவ்வளவு எளிதில் பாதிக்காது. அடுத்து, வழங்கியின் ஐ.பி. முகவரிக்கான எதிர்த்திசைப் பதிவு, அதாவது பி.டி.ஆர். பதிவு, வழங்கியின் பெயரைக் காட்ட வேண்டும். அந்தப் பெயரும் திரும்ப அதே ஐ.பி. முகவரியைக் காட்ட வேண்டும். பி.டி.ஆர். பதிவு பெரும்பாலும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது; வழங்கியை வாடகைக்குத் தருபவர்தான் மாற்ற வேண்டியிருக்கும். மேகக்கணிமை நிறுவனங்கள் பல 25-ஆம் போர்ட் வழியாக மடல் வெளியே போவதை இயல்பாகவே தடுத்து வைத்திருக்கும் என்பதால், பணம் கட்டுவதற்கு முன்பே இவ்விரண்டையும் கேட்டுக்கொள்வது நல்லது. களப்பெயரின் மடல்களை எந்த வழங்கிகள் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப். பதிவும், மடல் வழியில் மாறவில்லை என்று காட்டும் டி.கிம் கையொப்பமும் அதன் பிறகு. ஐ.பி.வி.6 முகவரி இருந்தால் அதற்கும் இவை எல்லாம் தனியாகத் தேவை. அதைச் செய்யாமல் விட்ட வழங்கிகளில் பாதி மடல் போவதும் பாதி மடல் திரும்புவதுமாக ஒரு புதிர் உருவாகும்.

மெயில்மேனையும், வழங்கியில் மடல்களை வாங்கி அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸையும் இணைப்பது ஆவணங்களில் உள்ளபடி செய்தால் சிக்கலில்லாமல் முடியும். போஸ்ட்ஃபிக்ஸ் வாங்கும் மடலை அதே கணினியில் 8024-ஆம் போர்ட்டில் எல்.எம்.டி.பி. நெறிமுறையின்படி மெயில்மேன் பெற்றுக்கொள்கிறது. எந்தெந்த முகவரிகளை இப்படித் தள்ளிவிட வேண்டும் என்ற அட்டவணையைப் புதுக் குழு தொடங்கும்போதெல்லாம் மெயில்மேனே எழுதிவிடும். அந்தக் கோப்பை எழுதும் உரிமையோ படிக்கும் உரிமையோ தவறாக அமைந்திருந்தால், குழு இணைய இடைமுகத்தில் அழகாகத் தெரியும். மடல் அனுப்பினால் மட்டும் அப்படி ஒரு பயனர் இல்லை என்று போஸ்ட்ஃபிக்ஸ் திருப்பிவிடும். புதுக் குழு தொடங்கிய உடனே வெளி முகவரி ஒன்றிலிருந்து ஒரு மடல் அனுப்பிப் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்வதால் இது உடனே தெரிந்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டில் ஒரு வசதியும் உண்டு. மெயில்மேனை மேம்படுத்துவதற்காகச் சற்று நேரம் நிறுத்தினாலும் மடல்கள் தொலைவதில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் தன் வரிசையில் இயல்பாக 5 நாள்வரை வைத்திருந்து மீண்டும் மீண்டும் முயலும்.

இனி டிமார்க். மடலாடற்குழு நடத்துபவர்களை இதைவிட அதிகமாகத் தொல்லைப்படுத்திய ஒன்றை நான் அறியேன். ஒரு களப்பெயரின் உரிமையாளர், "என் களப்பெயரை அனுப்புநர் வரியில் கொண்டு வரும் மடல் உண்மையிலேயே என்னிடமிருந்து வந்ததென்று உறுதிப்படாவிட்டால் நிராகரித்துவிடுங்கள்" என்று களப்பெயர்களின் பொதுப் பதிவேடான டி.என்.எஸ். வழியாக உலகுக்கு அறிவிக்கும் முறை அது. 2014 ஏப்ரலில் யாகூவும் அதே மாதத்தில் ஏ.ஓ.எல்.லும் தங்கள் பயனர்களின் முகவரிகளுக்கு இந்த நிராகரிப்புக் கொள்கையை அறிவித்தபோதுதான் மடலாடற்குழு உலகம் இதன் முழு விளைவையும் உணர்ந்தது. குழு வழங்கி ஒரு மடலை மறு அனுப்பு செய்யும்போது உறையில் (வழங்கிகளுக்கு இடையே மட்டும் புழங்குவது) உள்ள அனுப்புநர் முகவரியைத் தன் பவுன்ஸ் முகவரியாக, அதாவது சேராமல் திரும்பும் மடல்களை வாங்கும் முகவரியாக மாற்றிக்கொள்கிறது, ஆகவே எஸ்.பி.எஃப். சோதனை வழங்கியின் பெயரில் தேறினாலும் எழுதியவரின் களப்பெயரோடு ஒத்துப்போவதில்லை. டி.கிம் கையொப்பமோ மடலின் உடலையும் பொருள் வரி போன்ற சில தலைவரிகளையும் சேர்த்துக் கணக்கிட்டு இடப்பட்டது. நாம் பொருள் வரியில் குழுவின் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்த்ததும், அடியில் இரண்டு வரிக் குறிப்பு ஒட்டியதும், அந்தக் கையொப்பம் செல்லாததாகிவிடுகிறது. இரண்டும் தேறாத மடல் நிராகரிக்கப்படுகிறது.

நிராகரிப்பினால் தண்டிக்கப்படுவது யார் என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதியவருக்கு ஒன்றும் நேராது. அவருடைய மடலை ஏற்க மறுத்த வழங்கிகளில் கணக்கு வைத்திருக்கும், ஒரு தவறும் செய்யாத உறுப்பினர்களின் கணக்கில் பவுன்ஸ் ஏறும். எங்கள் குழு ஒன்றில் இது நடந்த விதம் இது: கடுமையான கொள்கையுள்ள களப்பெயரிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஆர்வமாக நாள்தோறும் எழுதத் தொடங்கினார். சில நாள்களில் ஒரே பெரிய மடல் சேவையைச் சேர்ந்த உறுப்பினர்கள் கொத்தாக முடக்கப்பட்ட, அதாவது பவுன்ஸ் கூடியதால் அவர்களுக்கு மடல் போவது நிறுத்தப்பட்ட, அறிவிப்புகள் எனக்கு வந்தன. பதிவேட்டைத் திறந்தால், எல்லாப் பவுன்ஸ்களிலும் 550 என்ற மறுப்பு எண்ணும், கொள்கை சார்ந்த மறுப்பைக் காட்டும் 5.7 என்று தொடங்கும் நிலைக்குறியும் இருந்தன. அவை எல்லாம் அந்த ஒருவர் எழுதிய மடல்களுக்கு மட்டுமே வந்திருந்தன. மற்றவர்கள் எழுதிய மடல்கள் அதே உறுப்பினர்களுக்குச் சிக்கலின்றிப் போயிருந்தன.

முக்கியமான தீர்வுகள் இரண்டு. மடலில் எதையும் மாற்றாமல், முன்னொட்டும் அடிக்குறிப்பும் இன்றி, வந்தபடியே அனுப்புவது ஒன்று. அப்போது எழுதியவரின் கையொப்பம் உயிரோடு இருக்கும். அனுப்புநர் வரியைக் குழுவின் முகவரியாக மாற்றிவிட்டு, எழுதியவரின் முகவரியை மறுமொழி வரிக்கு நகர்த்துவது மற்றொன்று. மெயில்மேனில் எழுதியவரின் களப்பெயர் கடுமையான கொள்கை வைத்திருந்தால் மட்டும் மாற்று என்றும், எல்லா மடல்களுக்கும் மாற்று என்றும் இரு வகையாக அமைக்கலாம். முதல் வகையோடுதான் தொடங்கினேன். ஆனால் சிலர் எழுதுவது அவர்கள் முகவரியிலிருந்தும் சிலர் எழுதுவது குழு முகவரியிலிருந்தும் வருவதாகத் தோன்றியதால் உறுப்பினர்களின் வடிகட்டிகளும் முகவரிப் புத்தகங்களும் குழம்பின. பின்னர் எல்லாருக்கும் ஒரே மாதிரி மாற்றிவிட்டேன். இதில் ஓர் ஆபத்து உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனிப்பட்ட மறுமொழி என்று நினைத்து எழுதியது குழு முழுவதற்கும் போய்விடும் வாய்ப்பு இதனால் கூடுகிறது. குழுவின் மறுமொழி அமைப்பை மாற்றியபின் இரண்டு மூன்று மடல் செயலிகளில் மறுமொழிப் பொத்தானை அழுத்திப் பார்த்து, எந்த முகவரி நிரம்புகிறது என்று கண்ணால் காண்பதே நம்பகமான வழி. இடையில் உள்ள வழங்கி தான் செய்த சோதனைகளின் முடிவை முத்திரையிட்டு மடலோடு அனுப்பும், 2019-இல் ஆர்.எஃப்.சி. 8617 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளிவந்த ஆர்க் முறையும் இதே சிக்கலுக்கானதுதான். ஆனால் உங்கள் முத்திரையை நம்புவதா இல்லையா என்பதைப் பெறுபவர் தீர்மானிப்பதால், அதை மட்டும் நம்பி மற்றதை விட்டுவிட நான் துணியமாட்டேன்.

திரும்பி வரும் மடல்களைக் கையாள்வதுதான் அடுத்த பெரிய பகுதி. மெயில்மேன் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு பவுன்ஸ் மதிப்பெண் வைத்திருக்கிறது. ஒரே நாளில் எத்தனை மடல் திரும்பினாலும் ஒன்றாகவே எண்ணும். இயல்பமைப்பில் மதிப்பெண் 5-ஐ எட்டினால் அவருக்கு மடல் போவது நிறுத்தப்படும். 7 நாள் பவுன்ஸ் எதுவும் வராவிட்டால் பழைய மதிப்பெண் காலாவதியாகும். முடக்கியபின் 7 நாளுக்கு ஒருமுறை 3 எச்சரிக்கைகள் அனுப்பிவிட்டு நீக்கிவிடும். மடல் அதிகம் புழங்கும் குழுவுக்கு இந்த எண்கள் பொருத்தமானவை. மாதம் ஒரு மடல் மட்டும் போகும் அறிவிப்புக் குழுவில் இவை ஒருபோதும் வேலை செய்யா; அடுத்த மடல் திரும்புவதற்குள் முந்தைய மதிப்பெண் காலாவதியாகிவிடுவதால் செத்த முகவரிகள் ஆண்டுக்கணக்கில் பட்டியலில் கிடக்கும். அத்தகைய குழுக்களில் வரம்பை 2-ஆகக் குறைத்துக் காலாவதி நாள்களை 90 வரை உயர்த்தி வைத்திருக்கிறேன்.

நிலைக்குறிகளைப் படிக்கக் கற்றுக்கொள்வது இதில் பெரிதும் உதவும். 5.1.1 என்றால் அப்படி ஓர் அஞ்சல்பெட்டியே இல்லை, தயங்காமல் நீக்கலாம். 5.2.2 என்றால் பெட்டி நிரம்பியிருக்கிறது, ஆள் இருக்கக்கூடும். 5.7 என்று தொடங்கினால் கொள்கை சார்ந்த மறுப்பு. பெரும்பாலும் திருத்த வேண்டியது உங்கள் வழங்கியை, உறுப்பினரை அன்று. 4 என்று தொடங்குபவை தற்காலிகமானவை, புது ஐ.பி. முகவரியிலிருந்து அனுப்பத் தொடங்கும் நாள்களில் இவை குவியும், அப்போது வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு மருந்தில்லை. 5.7 குறிகள் மொத்தமாக வரும் நாளில் நான் முதலில் செய்வது பவுன்ஸ் கணக்கிடுவதை நிறுத்தி வைப்பதுதான். காரணத்தைத் தேடுவது அதன் பிறகு.

எந்த உறுப்பினரின் மடல் திரும்பியது என்று கண்டுபிடிப்பதும் எப்போதும் எளிதாக இருப்பதில்லை. ஒருவர் பழைய முகவரியில் சேர்ந்திருப்பார். அது புது முகவரிக்குத் தானாக முன்னனுப்பும். புது முகவரி செயலிழந்தால் பவுன்ஸில் வரும் பெயர் உங்கள் பட்டியலிலேயே இருக்காது. இதற்குத்தான் வெர்ப் என்ற ஏற்பாடு இருக்கிறது: ஒவ்வொரு படியின் உறை அனுப்புநர் முகவரிக்குள்ளும் அந்த உறுப்பினரின் முகவரியைப் பொதிந்து அனுப்புவது. திரும்பி வரும் மடல் எந்த மொழியில், எந்த வடிவில் இருந்தாலும் அது வந்து சேரும் முகவரியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மடல் போக வேண்டியிருப்பதால் வழங்கிக்குச் சுமை கூடும் என்பார்கள். சில ஆயிரம் பேர் கொண்ட குழுக்களுக்கு இன்றைய வழங்கிகளில் அது பொருட்படுத்தத் தக்கதன்று. மெயில்மேன் 3-இல் இது இயல்பாக அணைந்திருக்கும். நான் எல்லா மடல்களுக்கும் போட்டு வைத்திருக்கிறேன்.

தமிழில் எழுதும் குழுக்களுக்கென்று ஒரு தனிக் குறிப்பு. மெயில்மேனின் இயல்பான மடல் அளவு வரம்பு 40 கிலோபைட். ஆங்கில மடலுக்கு அது தாராளம். யூ.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். "கொ" என்ற ஓரெழுத்தே இரண்டு குறிகள் சேர்ந்தது. மடல் செயலி அதைக் கோட்டட்-பிரின்டபிள் முறையில் அனுப்பினால் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துகளாக விரியும். ஆக ஒரு குறிக்கு 9 பைட். அதே உரை எச்.டி.எம்.எல். வடிவிலும் இன்னொரு முறை சேர்ந்து வரும். கணக்கிட்டால் ஏறத்தாழ 2,000 குறிகளிலேயே வரம்பு முட்டிவிடும். பழைய உரையாடலை அடியில் சுமந்துகொண்டு வரும் சாதாரண மறுமொழிகள்கூட மட்டுறுத்துநரின் (மடல்களைப் பார்த்து அனுமதிப்பவர்) வரிசையில் போய் நிற்கும்; "என் மடலை ஏன் தடுத்து வைத்தீர்கள்" என்று மனத்தாங்கலோடு கேட்பார்கள். தமிழ்க் குழுக்களுக்கு 300 கிலோபைட் என்பது இணைப்புகளையும் கட்டுப்படுத்தி, உரையையும் தடையின்றி விடும் அளவாக எனக்குப் படுகிறது.

மட்டுறுத்தலில் நான் கடைப்பிடிக்கும் விதிகள் சில. புதிய உறுப்பினரின் முதல் மடல் பார்வைக்கு வரும். ஒழுங்கானதாக இருந்தால் அப்போதே அவரைத் தடையில்லாதவராக மாற்றிவிடுவேன். உறுப்பினர் அல்லாதவர் அனுப்புவது நிறுத்தி வைக்கப்படும். ஸ்பேம் மடலை ஒருபோதும் காரணம் சொல்லி நிராகரிப்பதில்லை. சத்தமில்லாமல் கைவிட்டுவிட வேண்டும். ஸ்பேமின் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய் என்பதால், நீங்கள் அனுப்பும் நிராகரிப்பு மடல் சம்பந்தமே இல்லாத ஒருவருக்குப் போகும். அவருடைய வழங்கி உங்களையே ஸ்பேம் அனுப்புபவராகக் குறித்துக்கொள்ளும்.

சேரும் படிவமும் அதே காரணத்தால் ஆபத்தானது. யாரோ ஒருவரின் முகவரியைத் தானியங்கி நிரல் நூற்றுக்கணக்கான குழுக்களின் படிவங்களில் நிரப்பி, அவருடைய பெட்டியை உறுதிப்படுத்தும் மடல்களால் மூழ்கடிக்கும் தாக்குதல் புதிதன்று. உறுதிப்படுத்தல் இல்லாமல் யாரையும் சேர்க்கக்கூடாது என்பது அடிப்படை. அந்த உறுதிப்படுத்தும் மடலே ஆயுதமாகும்போது படிவத்துக்கு வேகக் கட்டுப்பாடும் கேப்ட்சாவும் தேவைப்படுகின்றன. மெயில்மேன் 3-இல் கணக்கு தொடங்கித்தான் சேர முடியும் என்று வைப்பதும் ஓரளவு உதவும். ஒரு நிகழ்ச்சியில் கையெழுத்துத் தாளில் வாங்கிய முகவரிகளை நேரடியாகச் சேர்த்துவிடும்படி என்னிடம் கேட்பவர்களுக்கு நான் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வேன்: அழைப்பு அனுப்புகிறேன், விரும்புபவர் சேரட்டும். கேட்பவருக்குப் பாதிப் பேர் குறைவதாகத் தோன்றும். குறைபவர்கள்தான் பின்னால் ஸ்பேம் பொத்தானை அழுத்தியிருப்பார்கள்.

விலகும் வழியும் அப்படியே. விலகுவது சேர்வதைவிட எளிதாக இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் மொத்தமாக மடல் அனுப்புபவர்களுக்கு எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் மூன்றும் வேண்டும், ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், சந்தா மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும் என்று விதித்திருக்கின்றன. கூகுளின் கணக்கில் மொத்த அனுப்புநர் என்பவர் ஒரு நாளில் அவர்களின் தனிநபர் கணக்குகளுக்கு 5,000 மடல் அளவில் அனுப்புபவர். நம் குழு சிறியது என்று இருந்துவிட வேண்டாம். ஜிமெயில் கணக்குடைய 1,000 பேர் உள்ள குழுவில் ஒரு நாளைக்கு 5 மடல் வந்தாலே அந்த எண்ணை எட்டிவிடும். ஒரே சொடுக்கு வசதியை வரையறுப்பது ஆர்.எஃப்.சி. 8058; அது கேட்கும் இரண்டு தலைவரிகளும் உங்கள் டி.கிம் கையொப்பத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தலைவரிகள் மடலில் இருக்கும்; கையொப்பத்தில் இல்லாததால் பெறுபவரின் திரையில் பொத்தான் தெரியாது. இத்தனைக்குப் பிறகும் "என்னை நீக்கிவிடுங்கள்" என்று குழுவுக்கே எழுதுபவர் இருப்பார். வழிமுறையை விளக்கி மறுமொழி எழுதுவதைவிட அவரை நானே நீக்கிவிட்டு ஒரு வரியில் தெரிவிப்பது எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

2.1 பதிப்பிலிருந்து 3-க்கு மாறுபவர்களுக்கு: குழு அமைப்பையும் உறுப்பினர்களையும் கொண்டுவரும் கட்டளை நன்றாகவே வேலை செய்கிறது; நேரம் தின்பது காப்பகம். பழைய காப்பகம் எம்பாக்ஸ் என்ற ஒரே நீண்ட கோப்பு. அதில் ஒவ்வொரு மடலும் "ஃப்ரம்" என்ற சொல்லில் தொடங்கும் வரியால் பிரிக்கப்பட்டிருக்கும். மடலின் உடலுக்குள் தற்செயலாக அதே சொல்லில் தொடங்கும் வரி இருந்தால் ஒரு மடல் இரண்டாக உடைந்துபோகும். தேதியில்லாத, எழுதியவர் இல்லாத மடல்கள் காப்பகத்தில் முளைக்கும். பழைய பதிப்போடு வரும் சுத்தப்படுத்தும் நிரலை முதலில் ஓட்டிவிடுவது நல்லது. யூனிகோடுக்கு முந்தைய காலத் தமிழ் மடல்கள் இருந்தால் இன்னொரு படி வேண்டும். டிஸ்கி குறியாக்கத்தில் எழுதப்பட்டு, தலைவரியில் லத்தீன் என்றோ ஒன்றுமே குறிக்காமலோ அனுப்பப்பட்டவை அவை. அப்படியே ஏற்றினால் காப்பகத்தில் படிக்கவும் முடியாது, தேடலிலும் அகப்படாது. அவற்றை மட்டும் பிரித்தெடுத்து யூனிகோடுக்கு மாற்றி, தலைவரியையும் திருத்தியபின் ஏற்ற வேண்டும். மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

அன்றாடக் கவனிப்பில் நான் பார்ப்பவை கொஞ்சம்தான்: போஸ்ட்ஃபிக்ஸின் வரிசை நீளம், மெயில்மேனின் ஷன்ட் வரிசை, பல மடல்களைத் தொகுத்து ஒன்றாக அனுப்பும் திரட்டு மடல்களையும் தேடல் அட்டவணையையும் இயக்கும் காலமுறைப் பணிகள். ஷன்ட் என்பது செயலாக்கும்போது பிழை நேர்ந்த மடல்களை மெயில்மேன் ஒதுக்கி வைக்கும் இடம். அது யாருக்கும் அறிவிப்பு அனுப்புவதில்லை. அதில் ஒரு கோப்பு சேர்ந்தாலே எனக்குத் தெரியும்படி கண்காணிப்பு வைத்திருக்கிறேன். பிழையைத் திருத்தியபின் ஒரே கட்டளையில் அவற்றை மீண்டும் ஓட்டத்துக்குள் விடலாம். ஆனால் விடுமுன் தேதியைப் பாருங்கள், பல மாதங்களுக்கு முந்தைய கூட்ட அழைப்பு இன்று எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டியதில்லை.

காப்புப்படியில் தரவுத்தளம் மட்டும் இருந்தால் போதாது; மெயில்மேனின் தரவு அடைவு, வரிசைகள், மாற்றியமைத்த வார்ப்புருக்கள், டி.கிம் தனிச்சாவி ஆகியவையும் வேண்டும். அந்தப் படியிலிருந்து உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்று வேறொரு கணினியில் அவ்வப்போது சோதிப்பதுண்டு. அந்தச் சோதனைக் கணினியில் இருப்பவர்கள் உண்மையான உறுப்பினர்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்: மெயில்மேனை இயக்கிய மறுகணமே, தேங்கியிருந்த திரட்டுகளையும் பவுன்ஸ் எச்சரிக்கைகளையும் அது அவர்களுக்கு அனுப்பத் தொடங்கிவிடும். ஆகவே சேவையைத் தொடங்குவதற்கு முன்பே, வெளியே போகும் மடல்களை எல்லாம் விழுங்கிக்கொள்ளும் ஒரு போலி எஸ்.எம்.டி.பி. போர்ட்டுக்கு அதைத் திருப்பிவிட்டு, கணினியின் 25-ஆம் போர்ட்டையும் வெளித்திசையில் அடைத்துவிடுகிறேன்.